பல்லக்கும் பாய்ச்சல் குதிரையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கார் பைத்தியம் கிடையாது. பத்திரிகையில் வரும் கார் விமர்சனங்களை சலூனில் காத்திருக்கும்போது புரட்டுவதோடு சரி. ஆனால் போன வருஷம் மூன்று மாதம் என் பொறுப்பில் இரண்டு கார்கள் இருந்தன. இரண்டுமே ஃபோர்டு. ஒன்று அப்பா 2004-ல் திருச்சியில் வாங்கிய ஐகான். இன்னொன்று ஜெர்மனிக்குப் போன அலுவலக நண்பரின் 2017 மஸ்டாங். "வாரம் ஒரு தடவை எடுத்து ஓட்டு, பேட்டரி செத்துடும்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார் மனிதர். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "பிடிச்சிருந்தா நீயே வாங்கிக்க. வெளியே போகிற விலையைவிடக் குறைச்சுத் தர்றேன்."

அங்கேதான் பிடித்தது சனி :-)

ஐம்பது வயதைத் தொட்ட, கையில் கொஞ்சம் சேமிப்பு உள்ள, புனேவில் இருபத்திரண்டு வருஷமாக மென்பொருள் எழுதும் ஒருவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தும் இடம்தான். அதனால் மஸ்டாங் உள்ளே வந்தால் ஐகான் வெளியே போக வேண்டும். ஆக, இது சும்மா பொழுதுபோக்கு ஒப்பீடு இல்லை. மூன்று மாதமும் மண்டைக்குள் தராசைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கணக்குதான் இது.

பெயர் புராணம்

சிடான் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நமக்குப் பழக்கமான சாமான்தான். 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓர் ஆளை மூடிய பெட்டியில் உட்காரவைத்து, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்கு 'சிடான் நாற்காலி' என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால் பல்லக்கு. உள்ளே இருப்பவர் சொகுசாக இருக்கவேண்டும், தூக்குகிறவன் பாடு தூக்குகிறவனுக்கு. குடும்பக் காரை ஓட்டுகிற எல்லா அப்பாக்களுக்கும் இந்த விளக்கம் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கூப்பே என்பது பிரெஞ்சுச் சொல். 'வெட்டப்பட்டது' என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில், எதிரும் புதிருமாக இரண்டு இருக்கை உள்ள பெரிய வண்டியில் ஒரு பக்க இருக்கையை வெட்டி எடுத்துவிட்டால் கிடைப்பது கூப்பே. அதாவது பெயரிலேயே விஷயம் இருக்கிறது. நாலு பேர் போகிற வண்டியில் யாரோ சிலருடைய இடத்தை வெட்டினால்தான் அது கூப்பே ஆகும்.

மஸ்டாங்கின் பூர்வீகமும் அதேதான். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அது அறிமுகமானபோது, உள்ளே இருந்த எலும்புக்கூடு 'ஃபால்கன்' என்ற சாதாரணக் குடும்பக் காருடையது. லீ அயகோக்கா என்ற ஃபோர்டு அதிகாரி (இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர்களின் மகன், நம்ம ஜாதி!) மலிவான குடும்பக் காரின் பாகங்களை வைத்தே ஓர் அழகான வண்டியைச் செய்து, 2,368 டாலர் என்று விலை வைத்தார். இரண்டு வருஷம் முடிவதற்குள் பத்து லட்சம் வண்டி தயாரித்தார்கள். பணக்காரர் பொம்மையாகப் பிறந்த வண்டி இல்லை அது. முதல் சம்பளம் வாங்கிய இளைஞனுக்கும் டைப்பிஸ்ட் பெண்ணுக்கும் எட்டுகிற வண்டி.

இந்தியாவுக்கு வந்தபோது கதை மாறிவிட்டது. தொழிற்சாலையிலேயே வலது பக்க ஸ்டியரிங்கோடு மஸ்டாங் செய்ய ஆரம்பித்ததே 2015-ல்தான். 2016-ல் இங்கே விற்பனைக்கு வந்தபோது டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம் ரூபாய். முழுதாக இறக்குமதியாகும் பெரிய எஞ்சின் கார்களுக்கு அப்போது 100 சதவீதம் சுங்கவரி. அங்கே நடுத்தர வர்க்கத்தின் கனவு, கப்பலில் ஏறி இறங்கியதும் இங்கே கோடீஸ்வரர் வீட்டுக் குதிரை.

ஐகான் இதற்கு நேர் எதிர். ஐரோப்பாவில் ஓடிய ஃபியஸ்டா என்ற சின்ன கார்தான் அடிப்படை. "இந்தியனுக்கு டிக்கி இல்லாவிட்டால் அது கார் இல்லை" என்று புரிந்துகொண்டு, பின்னால் ஒரு டிக்கியைச் சேர்த்து, சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் தயாரித்து, 1999 நவம்பரில் இறக்கினார்கள். ஆக, ஒன்று வெட்டியது, இன்னொன்று ஒட்டியது.

ஓட்டம்

எண்களை முதலில் போட்டுவிடலாம். மஸ்டாங்கில் 5.0 லிட்டர் வி8 எஞ்சின், 401 குதிரை சக்தி, எடை சுமார் 1,700 கிலோ. எங்கள் ஐகானில் 1.3 லிட்டர் எஞ்சின், 70 குதிரை சக்தி, எடை சுமார் 1,000 கிலோ. ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரை என்று வகுத்துப் பார்த்தால் ஐகானுக்கு 70, மஸ்டாங்குக்கு கிட்டத்தட்ட 235. மூன்று மடங்குக்கும் மேலே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மும்பை விரைவுச் சாலையில் ஏறி, லோனாவாலா வரை போய், ஒரு டீ குடித்துவிட்டு, சிக்கி வாங்கிக்கொண்டு திரும்புவது என் வழக்கமாகிவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், அது வேறு உலகம். சாலையில் சேரும் சரிவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. முன்னால் நீளமான பானெட், அதற்கு அடியில் எட்டு சிலிண்டரின் உறுமல். வயிற்றுக்குள் யாரோ தவில் வாசிப்பது மாதிரி இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவே சந்தேகமே கிடையாது. நான் ஒரு வாரம் பூராவும் அலுவலகத்தில் சிரிக்காத சிரிப்பை அந்தச் சரிவில் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் அந்தச் சிரிப்பு எத்தனை விநாடி? அந்தச் சாலையில் சமதளத்தில் கார்களுக்கு 100 கிலோமீட்டர்தான் வரம்பு. காட் பகுதியில் 60. மஸ்டாங் 100-ஐத் தொட ஐந்தாறு விநாடி போதும். அதற்குப் பிறகு எஞ்சின் கொட்டாவி விட்டுக்கொண்டு வரும். ஐகான் அதே 100-க்கு வர நிறைய நேரம் எடுத்துக்கொள்ளும், வந்தபின் கதவு ரப்பர் வழியாகக் காற்று விசிலடிக்கும், ஆனால் நாம் ஏதோ வேலை செய்கிறோம் என்ற உணர்வு இருக்கும். சட்டத்துக்குள் ஓட்டுகிறவனுக்கு மெதுவான வண்டியை முழுசாக ஓட்டுவதில் ஒரு சுகம் உண்டு. வேகமான வண்டியில் பத்தில் ஒரு பங்கைத்தான் நாம் தொடுகிறோம்.

நகரத்துக்குள் இன்னும் மோசம். வாக்கடிலிருந்து ஹிஞ்சவாடி போகிற சாலை புனேக்காரர்களுக்குத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு 400 குதிரையும் 70 குதிரையும் ஒரே ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால்தான் நிற்கும். நான் குறித்துவைத்ததில் மஸ்டாங் ஊருக்குள் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர், ஐகான் பத்தரை. ஆபீஸ் போய்ச்சேர்ந்த நேரத்தில் இரண்டு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை.

வேகத்தடைக் கணக்கு

மஸ்டாங் வாங்க நினைப்பவர்களுக்கு எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டாதா?" என்பது. எஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

இந்திய சாலைக் காங்கிரஸ் வேகத்தடைக்கு ஓர் அளவு சொல்லியிருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில். 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம். இந்த அளவில் மேடு இருந்தால், மஸ்டாங்கின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள 2.72 மீட்டரில் மேடு வயிற்றை நோக்கி எழும்புவது ஐந்தரை சென்டிமீட்டர்தான். ஐகானுக்கு (2.49 மீட்டர்) நாலரை. நண்பரின் மஸ்டாங்கில் நானே ஸ்கேல் வைத்து அளந்ததில் தரைக்கும் வயிற்றுக்கும் 13 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருந்தது. எனவே விதிப்படி போட்ட மேட்டில் தட்டவே தட்டாது.

சிக்கல் என்னவென்றால் விதிப்படி போட்ட மேட்டை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? எங்கள் குடியிருப்பு வாசலில் இருப்பது ஒரு மீட்டர் அகலத்தில் யாரோ சிமென்ட்டைக் கொட்டி வைத்த மேடு. அது சக்கரங்களுக்கு நடுவே முழுசாக உட்கார்ந்துகொள்ளும். அங்கே ஆரம் கீரம் எதுவும் உதவாது. குறுக்குவாட்டில், ஒவ்வொரு சக்கரமாக, பிரசவ வார்டில் நடக்கிற மாதிரி ஏற்றி இறக்க வேண்டும். பின்னால் வரும் டெம்போக்காரர் ஹாரனிலேயே நம் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்துவிடுவார். ஐகான் அதே மேட்டை "ஹும்" என்று ஒரு முனகலோடு தாண்டிப் போய்விடும்.

நிறுத்துமிடம்

எங்கள் இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். மஸ்டாங்கின் அகலம் 1.92 மீட்டர், நீளம் 4.78. ஒருநாள் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தேன். நடுவில் கச்சிதமாக நிறுத்தினாலும் இரண்டு பக்கமும் ஒரு அடிக்கும் குறைவாகத்தான் மிச்சம். கூப்பேக்கு இரண்டே கதவு. பின் சீட்டுக்கும் அதே வழி என்பதால் கதவு ரொம்ப நீளம். நீளமான கதவைக் குறுகலான இடத்தில் பாதிகூடத் திறக்க முடியாது. நான் வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் பெண் பார்த்துச் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேனும் சேர்ந்துகொண்டார்.

ஐகான் 1.63 மீட்டர்தான். நாலு கதவும் சின்னது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றரை அடி கிடைக்கும். வயதானவர் கதவைத் திறந்து, முதலில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே வைத்துக்கொள்ள அந்த ஒன்றரை அடி போதும். ஒரு அடி போதாது.

பின் சீட்

இந்த இடத்தில் ஐகானுக்கு வக்காலத்து வாங்குவதை நிறுத்திவிட்டு நேர்மையாகப் பேச வேண்டும். எங்கள் ஐகானில் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. 2004-ல் அந்த விலைக்கு யாரும் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. இந்தியாவில் எல்லாக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019-ல்தான், புதிய மாடல்களில் முன்பக்கம் இரண்டு ஏர்பேக் கட்டாயமானது 2021-ல். "பழைய வண்டி, இரும்பு கெட்டி" என்று ஊரில் சொல்வார்கள். மோதலில் ஆளைக் காப்பாற்றுவது இரும்பின் கனம் இல்லை, அந்த இரும்பு எங்கே மடங்க வேண்டும், எங்கே மடங்கக்கூடாது என்ற வடிவமைப்பு. இருபது வருஷத்தில் அது எவ்வளவோ மாறிவிட்டது.

சரி, அப்படியானால் மஸ்டாங் பாதுகாப்பானதா? முன் சீட்டில் இருப்பவர்களுக்கு ஐகானோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் 2017 ஜனவரியில் ஐரோப்பாவின் யூரோ என்கேப் சோதனையில் இதே தலைமுறை மஸ்டாங் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் வாங்கியது. பின் சீட்டு ஆட்களுக்கும் குழந்தைகளுக்கும் கிடைத்த பாதுகாப்பு குறைவு என்பது முக்கியமான காரணம். சில மாற்றங்கள் செய்து அதே வருஷம் மறுபடி சோதித்தபோது மூன்று நட்சத்திரம். பணம் கொடுத்தால் எல்லோருக்கும் பாதுகாப்பு கிடைக்கும் என்று நினைத்தால், அங்கேயும் பின் சீட்டை வெட்டிவிட்டார்கள்.

அந்தப் பின் சீட்டில் ஒரு தடவை என் மனைவியை உட்காரச் சொன்னேன். முன் சீட்டைச் சாய்த்து, குனிந்து, நுழைந்து, முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, "ஏங்க, இது சீட்டா, ஷெல்ஃபா?" என்றாள். விமர்சனம் முடிந்தது.

காசு

ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2016-ல் அம்மா போன பிறகு அப்பா எங்களோடு புனே வந்தார். ஐகானும் கூடவே வந்தது. ஒரு வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவு எண் வாங்கவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். திருச்சி ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே தேய்மான மதிப்புக்கு வரி கட்டி, பிறகு அங்கே கட்டிய ஆயுள்கால வரியில் பாக்கியைத் திரும்பக் கேட்டு... ஒரு கல்யாணமே நடத்திவிடலாம். 2021-ல் வந்த 'பிஎச்' வரிசை எண், மாற்றலாகிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு நிஜமாகவே வரப்பிரசாதம். தகுதி இருந்தால் புது வண்டிக்கு அதையே எடுங்கள்.

பதிவு 15 வருஷம். அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், வண்டியைப் பரிசோதித்துக் காட்ட வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. நாங்கள் 2024-ல் அதைக் கட்டினோம். 2025 ஆகஸ்டில் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு அதையே 10,000 ஆக்கிவிட்டார்கள். டெல்லிப் பக்கம் இருக்கும் நண்பர்கள் பாடு இன்னும் திண்டாட்டம், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு அங்கே கோர்ட் உத்தரவு மேல் உத்தரவு.

மஸ்டாங் பக்கம் பார்த்தால், மகாராஷ்டிரத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்கு ஒருமுறை வரி 13 சதவீதம். 65 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் எட்டரை லட்சம். நண்பர் கட்டிய வரியே, அப்பா ஐகான் வாங்கிய விலையைவிட (ஐந்து லட்சத்துச் சொச்சம்) அதிகம்! வேடிக்கை என்னவென்றால் மூன்றாம் நபர் காப்பீட்டில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், 1,500 சிசிக்கு மேலே எதுவானாலும் 7,897 ரூபாய். 1.6 லிட்டரும் 5 லிட்டரும் அங்கே ஒரே பந்தியில் உட்காரும். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு, டயர், பிரேக் பேட் என்று வரும்போதுதான் மஸ்டாங் தன் ஜாதியைக் காட்டும்.

இரண்டு வண்டிக்கும் பொதுவான தலைவலிகளும் உண்டு. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசி வண்டி இறங்கியது. ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மறுபடி பயன்படுத்தும் எண்ணத்தை 2024-ல் தமிழக அரசுக்குத் தெரிவித்தார்கள், ஆனால் என் ஐகானுக்கு அதனால் ஒரு நட்டுகூட வரப்போவதில்லை. பெட்ரோலில் எத்தனால் 2025-ல் 20 சதவீதத்தைத் தொட்டது. இரண்டுமே அதற்கு முந்தைய காலத்து வண்டிகள். எங்கள் மெக்கானிக் முன்னெச்சரிக்கையாக ஐகானின் பெட்ரோல் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் மாற்றிவிட்டார். டைமிங் பெல்ட் இல்லாமல் செயின் என்பதால் எஞ்சினில் இன்னும் பெரிய செலவு வரவில்லை.

அப்பா

இவ்வளவு கணக்குப் போட்ட நான் ஒன்றை விட்டுவிட்டு வந்தேன், வேண்டுமென்றே. அப்பாவுக்கு 82 வயது. கண்ணும் முழங்காலும் ஒத்துழைக்காததால் 2021-லேயே ஓட்டுவதை விட்டுவிட்டார். யாரும் சொல்லவில்லை, ஒருநாள் சாவியை ஃபிரிட்ஜ் மேலே வைத்தார், அதற்குப்பின் எடுக்கவில்லை. ஆனால் காலையில் நடக்கப் போகும்போது ஒரு பழைய பனியன் துணியோடுதான் போவார். ஐகானின் முன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் நடை.

அதனால் வண்டியைக் கொடுப்பது பற்றி அவரிடம் பேசவே எனக்குத் தயக்கம். அண்ணன் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தான்: "ஸ்கிராப்புக்குக் குடுத்துடு, அந்தச் சான்றிதழைக் காட்டினா புது வண்டி வரியில் 25 சதவீதம் வரைக்கும் சலுகை இருக்கு." அவன் சொல்வதும் தப்பில்லை.

ஒரு சனிக்கிழமை அப்பாவே கேட்டார். "அந்தக் குதிரை வண்டியை எனக்குக் காட்ட மாட்டியாடா?"

வெட்டவெளியில் கொண்டுபோய் நிறுத்தி, கதவை முழுசாகத் திறந்து, ஏற்றினேன். தாழ்ந்த சீட்டில் இறங்க இரண்டு நிமிஷம் ஆனது. ஸ்டார்ட் செய்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாஷான் வரை போய்த் திரும்பினோம். வழி நெடுக ஒரு வார்த்தை இல்லை. காலியான ஒரு நேர்ச் சாலையில் "கொஞ்சம் மிதி" என்றார். மிதித்தேன். சின்னப் பையன் மாதிரி தொடையைத் தட்டிக்கொண்டார்.

திரும்பி வந்து காபி குடிக்கும்போது சொன்னார்: "பிடிச்சிருந்தா வாங்கிடு. எனக்காக அந்தப் பழசைக் கட்டிண்டு அழாதே."

"இல்லப்பா, குடும்பத்துக்கு அதுதானே..." என்று ஆரம்பித்தேன்.

"குடும்பத்துக்கா? நான் என்ன குடும்பத்துக்குன்னா வாங்கினேன்? ஊருக்குத்தான் அப்படிச் சொன்னேன்."

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. 2004-ல் பெல் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கூட ஓய்வு பெற்றவர்களெல்லாம் சின்ன காராக வாங்கினார்கள். அம்மாவும் அதைத்தான் சொன்னாள், பணிக்கொடையில் பாதியை இரும்பில் போடுகிற ஆள் உண்டா என்று மூன்று நாள் பேசவில்லை. ஆனால் அப்பா ஐகானின் 'ஜோஷ் மெஷின்' விளம்பரத்தைப் பார்த்து மயங்கியிருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் சைக்கிளும் ஸ்கூட்டரும் ஓட்டிய மனிதர். ஷோரூம்காரர் தஞ்சாவூர் சாலையில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தபோது மூன்றாவது கியரில் அது இழுத்த இழுப்பு இன்னும் நினைவிருக்கிறதாம். "டிக்கி பெரிசு, ஊருக்குப் போக சௌகரியம்னு உங்கம்மாகிட்ட சொன்னேன். அவளும் நம்பின மாதிரி இருந்தா."

இருபது வருஷமாக நான் பல்லக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தது அவருடைய குதிரை.

முடிவு

மஸ்டாங்கை வாங்கவில்லை.

காரணம் தியாகமும் இல்லை, சிக்கனமும் இல்லை. வேறு ஒரு எளிய கணக்கு. மூன்று மாதத்தில் மஸ்டாங்கை 13 தடவை எடுத்திருக்கிறேன். அதில் எட்டு தடவை நான் தனியாக. மனைவி இரண்டு தடவை, பெண் இரண்டு தடவை, அப்பா ஒரு தடவை. நாலு பேரும் சேர்ந்து ஒருமுறைகூட இல்லை. யார் வந்தாலும் யாரையோ வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. தனியாகப் போகிற சந்தோஷம் எனக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐம்பது வயதில் அதுவும் தேவைதான். ஆனால் அதற்கு வருஷத்தில் ஒருநாள் வாடகைக்கு எடுத்தால் போதும், வீட்டிலிருக்கும் ஒரே இடத்தை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. சொந்த வீட்டில் இரண்டு கார் நிறுத்த இடம் உள்ளவர்கள், பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊருக்குப் போனவர்கள், தாராளமாக வாங்குங்கள். நான் பொறாமைப்படுவேன், அவ்வளவுதான்.

ஐகானுக்கும் சில விதிகள் போட்டுவிட்டோம். விரைவுச் சாலைக்கு அது போகாது. ஊருக்குள் மட்டும், அறுபதைத் தாண்டாமல், பின் சீட்டிலும் பெல்ட் போட்டுக்கொண்டு. முன்பெல்லாம் தீபாவளிக்கு சதாரா, கோலாப்பூர், ஹூப்ளி, சித்ரதுர்கா, பெங்களூர், சேலம் என்று இரண்டு நாள் ஓட்டிக்கொண்டு திருச்சி போவோம், திரும்பும்போது டிக்கியில் அரிசி மூட்டையும் ஊறுகாய் ஜாடியும் குலுங்கும். அது இனிமேல் ரயிலில்தான். 2029-ல் பதிவு முடியும்போது மறுபடி யோசிப்போம்.

நண்பர் வந்ததும் சாவியைக் கொடுத்தேன். "பிடிக்கலையா?" என்றார். "ரொம்பப் பிடிச்சுது, அதான் குடுக்கிறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, விளக்கவும் முடியவில்லை.

இப்போது வீட்டில் புதுப் பரபரப்பு. பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்து பழகுநர் உரிமம் வந்துவிட்டது. ஞாயிறு காலை லோனாவாலா கிடையாது, பாலேவாடிப் பக்கம் ஒரு காலி மைதானம். அவள் ஸ்டியரிங்கில், உரிமம் உள்ளவன் என்ற முறையில் நான் பக்கத்து சீட்டில், அப்பா பின் சீட்டில் நடுவாக, இரண்டு முன் சீட்டையும் பிடித்துக்கொண்டு. நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றும் அவள் காதில் ஏறுவதில்லை. பின்னாலிருந்து வருகிற குரலுக்குத்தான் மரியாதை. போன வாரம் அவள் ஒருவழியாக வண்டியை நிறுத்தாமல் இரண்டாவது கியருக்கு வந்தாள். அப்பா சொன்னார்:

"அவ்ளோதான் கண்ணு. மூணாவது போட்டுப் பாரு, அப்பத்தான் இது யாருன்னு தெரியும்."